தசராவில் கூடிய சபை

மைசூர்த் தசரா என்றதும் யானை ஊர்வலமும் தீப அலங்காரமுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவ்விழாவையொட்டிக் குடிமக்களின் சபையொன்றும் கூடியதை நம்மவருள் பலர் அறியார். அதனை அமைத்தவர் செங்கற்பட்டு மாவட்டத்திற் பிறந்து மைசூருக்குத் திவானாக வந்த ரங்காசார்லு என்பதில் நமக்குப் பெருமையும் உண்டு. அப்பெருமையில் ஒரு குறையும் கலந்திருப்பதைப் பின்னர்க் காண்போம்.

1876 முதல் 1878 வரை மைசூரைக் கொடிய பஞ்சம் வாட்டியது. 1871இல் ஏறத்தாழ 50 இலட்சமாயிருந்த மக்கள்தொகை 1881இல் 42 இலட்சமாகக் குறைந்தது. அவ்வாண்டு மார்ச்சில் ஆங்கிலேயர் அரசை மன்னர் சாமராஜேந்திரரிடம் திருப்பி அளித்தனர். அக்டோபர் 7ஆம் நாள் பிரஜாப் பிரதிநிதி சபை முதன்முறை கூடியது. வந்தவர் 144 பேர். பெரும்பாலும் நிலக்கிழாரும் வணிகருமே. உழுதவனும் நெய்தவனும் அங்கே இல்லை.

அச்சபைக்குச் சட்டம் இயற்றும் அதிகாரமில்லை. வரவு செலவைத் தடுக்கும் அதிகாரமுமில்லை. பின் அதனால் என்ன பயன் என்று கேட்கலாம். திவான் மக்கள்முன் நின்று, அரசின் வருவாய் இவ்வளவு, செலவு இவ்வளவு, செய்த வேலை இன்னது என்று கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. உறுப்பினர் தத்தம் ஊர்க் குறைகளை எடுத்துரைத்தனர். பிரிட்டிஷ் இந்தியச் சட்டசபைகளுக்கு வரவு செலவை விவாதிக்கும் உரிமை 1892ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே கிட்டியது. ஆள்வோன் கணக்குச் சொல்லவும் குடிகள் கேள்வி கேட்கவும் பழகிய இடத்திலேதான் பொதுஜன அபிப்பிராயம் உருப்பெறுகிறது என்பது நம் கருத்து. 1890களில் தேர்தலும் வந்தது.

எனினும், சபையிற் செவிசாய்த்த அரசு அச்சிட்ட எழுத்தைப் பொறுக்கவில்லை. 1908இன் பத்திரிகைச் சட்டம் அரசின் அனுமதியின்றிப் பத்திரிகை நடத்தலாகாது என்றது. மானமுள்ள ஆசிரியர் சிலர் தம் இதழ்களைத் தாமே நிறுத்திவிட்டனர்.

இனி, நாம் முன்னர்க் கூறிய குறை. 1881இல் அரசு மன்னரிடம் திரும்பியபோது, 1809இல் தோன்றிய பெங்களூர்த் தண்டு மட்டும் திரும்பவில்லை. அது ஆங்கில ரெசிடெண்டின் ஆளுகையிலேயே நின்றது. அல்சூரிலும் தண்டின் பிற தெருக்களிலும் வாழ்ந்த தமிழர், சிப்பாய்களும் கொத்தனாரும் கடைக்காரரும், மைசூர் அரசின் குடிகள் அல்லர். திவானின் கச்சேரியோ அவர்கள் நடந்து சென்றடையும் தூரத்திலேயே இருந்தது! தமிழ்நாட்டிற் பிறந்த ஒருவர் எழுப்பிய மன்றத்திலே தண்டுத் தமிழருக்கு இடமில்லாது போயிற்று. தண்டுக்கென நகரசபை இருந்ததாயினும், ஆளும் ரெசிடெண்டு ஆண்டுதோறும் வந்து கணக்குச் சொல்லும் தசராச் சபை போன்றதொன்று அங்கே இல்லை.

1947இல் தண்டு மைசூருடன் சேர்ந்தது. 1949இல் தண்டும் பேட்டையும் ஒரே மாநகராட்சியாயின. அதே 1949இல், டிசம்பர் மாதத்தில், பிரஜாப் பிரதிநிதி சபையும் கலைக்கப்பட்டது.