குதிரைக்கு மேலிருந்த உடல்: ஃபுரூஸிய்யாப் பயிற்சியும் மம்லூக்குகளும்

காயல் துறைமுகத்தில் வந்திறங்கிய அரபுக் குதிரைகளைப் பற்றி நம்மவர்கள் நிறையவே எழுதியுள்ளனர். அவற்றின் விலையையும் எண்ணிக்கையையும் ஆராய்ந்த அளவுக்கு, அவை புறப்பட்டு வந்த உலகில் சவாரி செய்தவனின் உடல் எவ்வாறு பண்படுத்தப்பட்டது என்பதை நாம் ஆராயவில்லை.

அஸர்பைஜானில் உத்பா இப்னு ஃபர்கத் (ரலி) தலைமையிலிருந்த படையினருக்குக் கலீஃபா உமர் (ரலி) எழுதிய கடிதம் ஒன்று உண்டு. அங்கவடிகளைத் துறந்துவிட்டுக் குதிரைகளின் மீது பாய்ந்து ஏறுமாறு அதில் அறிவுறுத்துகிறார்கள். இதனை எளிமைக்கான உபதேசமாக மட்டுமே படிப்பது நம்மிடையே வழக்கம். சவாரி அறிந்தோர் அதில் இன்னொன்றையும் காண்பர். அங்கவடி இல்லாதவனைக் குதிரையின் மீது நிலைநிறுத்துபவை அவனுடைய தொடைகளும் இடுப்புமே. அவை தளர்ந்தால் அவன் கடிவாளத்தைப் பற்றித் தொங்குவான். குதிரையின் வாய் புண்படும். அதன் நடையும் கெடும். களைப்பு ஏறியவனுக்கு நேர்வது குதிரைக்கும் நேர்கிறது.

கி.பி. 9ஆம் நூற்றாண்டில், அப்பாஸியர் காலத்தில், குதிரையேற்றம் பற்றி நூல் எழுதிய இப்னு அகீ ஹிஸாம், சேணமில்லாக் குதிரையில் கற்கத் தொடங்காதவனுக்கு உறுதியான இருக்கை வாய்க்காது என்ற கருத்தை வலியுறுத்தினார். நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் கெய்ரோவின் மம்லூக்குகள் இக்கருத்தையே ஓர் அரசாங்க ஏற்பாடாக ஆக்கினர். கோட்டைக்குள் இருந்த கொட்டடிகளில் மார்க்கக் கல்வியை முடித்த இளைஞன், முதலில் குதிரையின் உருவமாகச் செய்யப்பட்ட பொம்மையின் மீது தாவி ஏறப் பழகினான். பின்னர் ஆயுதங்களைத் தாங்கியபடி ஏறினான். அதற்குப் பிறகே உயிருள்ள குதிரை. அதன் முதுகிலும் தொடக்கத்தில் ஒரு கம்பளி விரிப்பே இருந்தது.

வாட்பயிற்சியும் இவ்வாறே படிப்படியானது. ஈரக் களிமண்ணை முதல் நாள் சில முறையே வெட்டுவான். எண்ணிக்கை நாளுக்கு நாள் கூடி 1000 வரை செல்லும். தோள் வலுப்பெற்ற பின்னரே குதிரை மேலிருந்து வாள் வீசினான். இன்றைய உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் இதில் பெரிதாகத் திருத்துவதற்கு ஏதுமில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

சுல்தான் பைபர்ஸ் ஹிஜ்ரி 666இல் (கி.பி. 1267) கெய்ரோவுக்கு வெளியே மைதானுல் கபக்கை அமைத்தார். துருக்கியில் ‘கபக்’ என்றால் சுரைக்காய். உயர்ந்த கம்பத்தின் உச்சியில் வைத்த இலக்கை, விரையும் குதிரையிலிருந்து மேல்நோக்கி எய்து வீழ்த்த வேண்டும். இரு கைகளும் வில்லுக்கும் அம்புக்கும் போய்விடுகின்றன. கடிவாளம் தளர்ந்து கிடக்கிறது. உடலோ இடுப்பிலிருந்து மேலே திரும்புகிறது. அந்த நொடியில் வீரனைத் தாங்கியது கொட்டடியில் உரமேறிய தொடைதான். பைபர்ஸ் தாமே நண்பகலில் அங்கு வந்து மாலை வரை இருந்து, படையினரைப் பயிற்சிக்குத் தூண்டினார் என வரலாற்றாசிரியர்கள் குறிக்கின்றனர்.

14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மைதானங்கள் பல கவனிப்பாரற்றுப் போயின. நூல்கள் மட்டும் குறையவில்லை; பழைய பாடங்களைப் பிரதி எடுத்தும் விரித்தும் எழுதிக்கொண்டே இருந்தனர். உடலில் இருந்த கலை ஏட்டுக்கு இடம்பெயர்ந்தது என்று சொல்லலாமோ?

சுல்தான் கான்ஸவ்ஹ் அல்-கவ்ரி (1501–1516) மைதானத்தைப் புதுப்பித்தார். ஈட்டிப் பயிற்சிகளும் மீண்டன. ஆயினும் 1516 ஆகஸ்ட் 24 அன்று மர்ஜ் தாபிக்கில் உஸ்மானியரிடம் மம்லூக்குகள் தோற்றனர். உஸ்மானியரின் பீரங்கிகளும் அலெப்போவின் ஆளுநர் காயிர் பேயின் துரோகமும் அத்தோல்விக்குப் பெருங்காரணங்கள். பயிற்சிக் குறைவின் மேல் அதனைச் சுமத்துவது நியாயமாகாது. கவ்ரி அப்போது 70 வயதைக் கடந்தவர், பருத்த உடலினர். படை சிதறுவதைக் கண்ட அவர் வாதத்தால் தாக்குண்டு குதிரையிலிருந்து சரிந்து வீழ்ந்தார் என அக்கால வரலாற்றாசிரியர் இப்னு இயாஸ் எழுதுகிறார். உடல் கிடைக்கவில்லை. கெய்ரோவில் அவர் தமக்கெனக் கட்டிய அடக்கத்தலம் அவரில்லாமலே நிற்கிறது.