திருக்கோணமலைத் துறைமுகமும் ஆறாத புண்ணும்

திருக்கோணமலைத் துறைமுகத்தின் ஆழத்தையும் காவலையும் நாடி வந்த கடற்படைகள் பல. 1782 ஆம் ஆண்டு ஒன்றிலேயே, சனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயரும், ஓகஸ்டில் ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரரும் இதனைக் கைப்பற்றினர். அக்காலக் கடற்படைகளில் பீரங்கியினும் மிகுதியாக உயிர் குடித்தது நோயே. அந்நோய்களுள் ஸ்கர்வி என்பது, ஆறிய பழம்புண்ணையும் மீண்டும் வாய்திறக்கச் செய்வது. மேற்பூச்சு மருந்துகள் அதற்குப் பயன்படவில்லை. 1747 இல் ஜேம்ஸ் லிண்ட் என்னுங் கப்பல் வைத்தியர் தோடம்பழமும் எலுமிச்சம்பழமும் உண்ணக் கொடுத்துக் குணங் கண்டார். புண் தோலில் இருந்தது. குறையோ உள்ளே இருந்தது.

இதே பாடத்தை வேறொரு புண்ணிடமும் மருத்துவ உலகம் கற்க நேர்ந்தது. 1930 இல் ஐக்கிய அமெரிக்காவின் மயோ வைத்தியசாலையைச் சேர்ந்த புறன்ஸ்ரிங், கெக்கர்மன், ஓலியரி ஆகிய மூவரும், ஊதா நிற விளிம்புடன் விரைந்து பரவும் புண்ணுடைய ஐவரைப் பற்றி எழுதினர். அவர்களுட் பெரும்பாலோர் பெருங்குடற் புண்நோயாலும் வருந்தியவர்கள். கிருமியே காரணமெனக் கருதி, சீழும் அழுகலும் உடைய தோல்நோய் என்னும் பொருளில் 'பயோடெர்மா காங்கிரினோசம்' எனப் பெயரிட்டனர். பெயர் நிலைத்தது, காரணம் நிலைக்கவில்லை. உடலின் காவற்படையே நெறிதவறித் தன் தோலைத் தாக்குவதால் விளைவது இது என்பதே இன்றைய கொள்கை. ஆதலின், அழுகலென எண்ணிச் சத்திரசிகிச்சையால் வெட்டி நீக்க முயன்றால், வெட்டிய இடமே புதுப்புண்ணாகி விரியக்கூடும்.

மாற்று வழியும் மயோவிலிருந்தே பிறந்தது. 1948 இல் அங்கு மூட்டுவாத நோயாளர் ஒருவருக்கு முதன்முதல் அளிக்கப்பட்ட கோட்டிசோனும் அதன் இனத்து மருந்துகளும் இப்புண்ணையும் அடக்கின. 1955 இல் துறூலவ், விற்ஸ் என்னும் ஒக்ஸ்போட் வைத்தியர்கள், பெருங்குடற் புண்நோயில் அம்மருந்தின் பயனை நிறுவினர். 2006 இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வொன்று, இன்பிளிக்சிமாப் என்னும் புதுமருந்து இப்புண்ணுக்கு உதவுவதைக் காட்டிற்று.

எனினும் நம்மைப் போன்ற வெப்பநாட்டினர் ஒன்றை மறத்தலாகாது. இரத்தத்தோடு கூடிய வயிற்றுளைவு அமீபாவாலும் உண்டாகும். அதனை அறியாது கோட்டிசோன் கொடுப்பின் உயிருக்கே ஆபத்து நேரலாம். எனவே மலத்தையும் புண்ணின் சிறு துணுக்கையும் சோதித்த பின்னரே வைத்தியர் மருந்தைத் தேர்வர்.

நோயாளர் கடமையும் ஒன்றுண்டு. காலிலே புண் ஆறாது வளருமாயின், மலத்தோடு இரத்தம் போவதையும் நாணமின்றி வைத்தியரிடம் உரைத்தல் வேண்டும். காலுக்கும் குடலுக்கும் என்ன தொடர்பென்று எண்ணி வாளாவிருப்போர், வெட்ட வேண்டாத புண்ணை வெட்டக் கொடுத்தவராவர்.