ஒரு வாரத்தில் எழுந்து போக முடியுமா?

போன மாதம் என் பெரியப்பாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். கல்லூரியில் 'தனிமனித உரிமை' பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். பெரியப்பா சின்ன வயதில் தறியில் உட்கார்ந்த கதையை அதில் எழுதி, அவரைக் 'கொத்தடிமைச் சிறுவன்' என்று குறிப்பிட்டிருந்தேன். பெருமையாக அவரிடமே படித்தும் காட்டினேன். அங்கேதான் வினை.

"நான் தொழில் கத்துக்கிட்டேன்டா. என்னை அடிமைங்கிறியா? அப்போ உங்க தாத்தா என்னை வித்துட்டாருன்னு ஊருக்குச் சொல்லப் போறியா?"

பதில் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து இதைத்தான் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு சின்ன காஞ்சிபுரத்தில், வரதராஜப் பெருமாள் கோயிலிலிருந்து பத்து நிமிட நடை. 1979ல் பெரியப்பாவுக்கு 9 வயது. பாட்டிக்கு உடம்பு சரியில்லாமல் போக, தாத்தா வேறொரு நெசவாளரிடம் 500 ரூபாய் முன்பணம் வாங்கினார். மறுநாளிலிருந்து பெரியப்பா பள்ளிக்கூடத்துக்குப் பதில் அந்த வீட்டுத் தறிக்குப் போனார். அவ்வளவுதான். பத்திரம் கிடையாது, கையெழுத்து கிடையாது.

தறியில் ஒரு சிறுவனுக்கு என்ன வேலை என்று வெளியூர் நண்பர்கள் கேட்கலாம். காஞ்சிபுரம் பட்டின் பெருமையே கோர்வைதான். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோர்த்து நெய்ய வேண்டும். அதற்கு மூன்று நாடா தேவை. நெசவாளர் இரண்டைப் பார்த்துக்கொள்வார். மறு கரைக்கான நாடாவைப் போட, பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். அந்த இடத்தில்தான் பல காலம் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். சின்ன விரல்தான் வேண்டும் என்பதெல்லாம் சும்மா. பெரியவர்களும் அந்த நாடாவைப் போடுகிறார்கள். பிள்ளைக்குக் கூலி குறைவு, எதிர்த்துப் பேசாது. காரணம் அதுதான்.

இனி சட்டத்துக்கு வருவோம். பிள்ளையின் உழைப்பை அடகு வைப்பது தவறு என்று சுதந்திரத்துக்குப் பிறகுதான் கண்டுபிடித்தார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை! 1929ல் அமைக்கப்பட்ட விட்லி கமிஷன், தொழிலாளர் நிலை பற்றிய தன் 1931 அறிக்கையில், பெற்றோர் முன்பணம் வாங்கிப் பிள்ளைகளை வேலைக்கு ஒப்படைக்கும் பழக்கத்தைக் கண்டித்தது. அதன் விளைவாக வந்ததுதான் 1933ஆம் ஆண்டின் குழந்தைகள் உழைப்பு அடகுச் சட்டம். 15 வயதுக்குட்பட்ட பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்றது அது. எழுத்தில் இருந்தாலும் சரி, வாய்ப்பேச்சாக இருந்தாலும் சரி. மீறினால் பெற்றோருக்கு 50 ரூபாய் வரை அபராதம், வேலை வாங்குபவருக்கு 200 ரூபாய் வரை அபராதம்.

ஆக, தாத்தா 500 ரூபாய் வாங்கியபோது அந்தச் சட்டத்துக்கு 46 வயது. தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

அதற்குள் இன்னொரு சட்டமும் வந்துவிட்டது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் அவசரச் சட்டம் 1975 அக்டோபரில் வந்து, 1976ல் முழுச் சட்டமானது. வேடிக்கையைப் பாருங்கள், நாட்டில் தனிமனித உரிமைகள் முடக்கப்பட்டிருந்த நெருக்கடி நிலைக் காலம் அது! ஆனால் சட்டம் வலுவானது. கொத்தடிமைக் கடன் அன்றோடு ரத்து, திருப்பித் தர வேண்டியதில்லை. 'இது அப்படிப்பட்ட கடன் இல்லை' என்று நிரூபிக்கும் பொறுப்பும் கடன் கொடுத்தவருடையது. ஏழை எதை வைத்து நிரூபிப்பான் என்று யோசித்து எழுதியிருக்கிறார்கள்.

'யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, தாத்தாவே போய்த்தானே வாங்கினார்?' என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1982ல் பதில் சொல்லியிருக்கிறது. டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில் நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பு அது. கட்டாயம் என்றால் தடியும் சங்கிலியும் மட்டுமல்ல, பசியும் வறுமையும் ஒருவனை வேறு வழியில்லாமல் தள்ளினால் அதுவும் கட்டாயம்தான் என்றது அந்தத் தீர்ப்பு.

ஜான் ஸ்டூவர்ட் மில் 1859ல் வெளிவந்த தன் சுதந்திரம் பற்றிய நூலில் ஒன்று சொல்கிறார். தன்னையே அடிமையாக விற்றுக்கொள்ளும் உரிமை யாருக்கும் கிடையாது, சுதந்திரத்தை இழப்பதற்கான சுதந்திரம் என்று ஒன்று இல்லை என்கிறார். தன்னையே விற்கக் கூடாது என்றால், பிள்ளையின் நாட்களை அடகு வைக்கும் உரிமை தகப்பனுக்கு எங்கிருந்து வரும்?

இவ்வளவு சட்டம் இருந்தும் ஏன் நடந்தது? 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் நெசவைத் தடை செய்யப்பட்ட வேலைகளில் சேர்த்தது. ஆனால் குடும்பத்தாரை வைத்து நடத்தும் தொழிற்கூடத்துக்கு விலக்கு கொடுத்தது. எங்கள் ஊரில் வீடே தொழிற்கூடம். பக்கத்து வீட்டுப் பையனை 'தங்கச்சி மகன்' என்று சொன்னால் முடிந்தது! 2003ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைச் சிறுவர்கள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் காஞ்சிபுரமும் இருக்கிறது. பெரியப்பா உட்கார்ந்து 24 ஆண்டுகளுக்குப் பிறகும்.

சரி, பெரியப்பாவின் வாதம்? நெசவு பரம்பரைத் தொழில், சின்ன வயதிலேயே பழகினால்தான் கை வரும் என்கிறார். இதை நான் தள்ளிவிடத் தயாராக இல்லை. பள்ளி விட்டு வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தறி பழகிய பிள்ளைகளும் எங்கள் தெருவில் உண்டு. அது தவறா? கற்பதற்கும் அடிமைப்படுவதற்கும் கோடு எங்கே?

விடை அந்தப் பழைய 1933 சட்டத்திலேயே இருந்தது. அது ஒரே ஒரு விலக்குக் கொடுத்தது. பிள்ளைக்குக் கெடுதல் இருக்கக் கூடாது, நியாயமான கூலியைத் தவிர வேறு எந்த ஆதாயமும் கைமாறக் கூடாது, அதிகபட்சம் ஒரு வார அறிவிப்பில் விலகிவிட முடிய வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் அது அடகு ஆகாது.

எனக்கு அந்த மூன்றாவது நிபந்தனைதான் உறைத்தது. வேலை கடினமா, சுலபமா என்பதல்ல கேள்வி. எழுந்து போக முடியுமா?

இதைப் பெரியப்பாவிடமே கேட்டேன். "நீங்க நினைச்சா ஒரு வாரத்துல நின்னிருக்க முடியுமா பெரியப்பா?"

சிரித்தார். "ஒரு வாரமா? ஒரு நாள் காய்ச்சல்னு படுத்தாலே வீட்டுக்கு ஆள் வந்துடும்."

"அந்தக் கடன் எப்போ தீர்ந்துச்சு?"

"எங்கே தீர்ந்துச்சு? தீபாவளிக்குத் தீபாவளி கொஞ்சம் ஏறும். அப்புறம் இன்னொருத்தர் அந்தப் பாக்கியைக் கட்டிட்டு என்னை எடுத்துக்கிட்டார்."

'எடுத்துக்கிட்டார்.' சொல்லிவிட்டு அவரே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்கப்பாவை மட்டும் ஒண்ணும் எழுதாதே" என்றார்.

அவர் சொன்னதை மீறித்தான் எழுதுகிறேன். ஆனால் குற்றம் சாட்ட அல்ல. தாத்தா செய்தது தவறு. பெரியப்பாவின் நாட்கள் பெரியப்பாவுடையவை, தாத்தாவுடையவை அல்ல. அதே சமயம், மருந்துக்குப் பணம் இல்லாதவனையும் அந்த இல்லாமையை வைத்து ஆள் பிடித்தவனையும் ஒரே தராசில் வைக்க முடியாது. அந்த நெசவாளரும் பட்டு முதலாளியிடம் முன்பணம் வாங்கியவர்தான் என்று பெரியப்பா சொல்கிறார். கடன் மேலிருந்து கீழே இறங்கி, கடைசியில் 9 வயதுப் பையன் தலையில் வந்து நின்றிருக்கிறது. சட்டமும் மெல்ல இந்தப் பக்கம் வந்திருக்கிறது. 1933ல் தகப்பனுக்கும் அபராதம். 2016 திருத்தத்தில் பெற்றோருக்கு முதல் முறை தண்டனை இல்லை, வேலைக்கு வைப்பவருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அதே 2016 திருத்தம், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்றும் சொல்கிறது. எங்கள் தெருப் பிள்ளைகள் இப்போது காலையில் சீருடையில்தான் போகிறார்கள், பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனாலும் யாராவது ஒரு பிள்ளை சாயங்காலம் தறியில் உட்கார்ந்திருந்தால், அந்த 1933ஆம் ஆண்டுக் கேள்வியை மனசுக்குள் கேட்டுப் பார்க்கிறேன்.

கல்லூரிக் கட்டுரையில் 'கொத்தடிமைச் சிறுவன்' என்பதை அடித்துவிட்டு, 'எழுந்து போக முடியாத சிறுவன்' என்று மாற்றி எழுதினேன். பெரியப்பா படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. திட்டவும் இல்லை.