கொடியடுப்பும் ஊதுலையும்

வந்தவாசிப் பக்கத்துக் கிராமங்களில் வளர்ந்தவர்களுக்குக் கொடியடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. விறகு எரிவது பெரிய அடுப்பில். மிச்ச அனல் பக்கத் துளை வழியாகச் சின்ன அடுப்புக்குப் போகும். சோறு இங்கே கொதிக்கும், ரசம் அங்கே சூடேறும். அதற்குத் தனி விறகு கிடையாது. என் தாயார் விறகைத் தட்டிப் பூச்சி புழுவை உதறிவிட்டுத்தான் அடுப்பில் வைப்பார்கள். "ஒரு கட்டை குறைஞ்சா ஒரு பாவம் குறையும்" என்பார்கள். சமணக் குடும்பங்களில் சிக்கனமும் அகிம்சையும் ஒரே அடுப்பில் வேகிற சமாச்சாரம்.

ஜாம்ஷெட்பூரில் 1911-ல் இரும்பு உருக்கத் தொடங்கினார்கள். பிழைப்புக்காக நான் இங்கே கடை வைத்த புதிதில், ஊதுலைக்கு அருகே வட்டத் தலையுடன் வரிசையாக நிற்கும் உயரமான உருளைகள் என்னவென்று கடைக்கு வந்த ஒரு தொழிலாளியிடம் கேட்டேன். "அதுதாங்க ஸ்டவ்வு. காத்தைச் சூடாக்கி உலைக்கு அனுப்புது" என்றார். அதன் வரலாற்றைத் தேடிப் படித்ததில் அறிந்ததை அன்பர்களுக்குச் சொல்கிறேன்.

1816-ல் ராபர்ட் ஸ்டிர்லிங் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், வெளியேறும் சூட்டைப் பிடித்துவைத்து உள்ளே வரும் காற்றுக்குத் திருப்பிக் கொடுக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அப்போது இரும்பு உருக்குவோர், உலைக்குக் குளிர்ந்த காற்றே நல்லது என்று நம்பினார்கள். குளிர்காலத்தில் இரும்பு நன்றாக வருகிறதே என்பது அவர்கள் வாதம். உண்மையான காரணம் அந்தக் காற்றில் ஈரம் குறைவு என்பதுதான். கிளாஸ்கோ எரிவாயு நிலையத்தில் வேலை பார்த்த ஜேம்ஸ் பியூமான்ட் நீல்சன், 1828-ல் வெந்காற்று முறைக்குக் காப்புரிமை பெற்று அந்த நம்பிக்கையை உடைத்தார். கிளைட் இரும்பாலையில் 1829-ல் ஒரு டன் இரும்புக்குச் சுமார் 8 டன் நிலக்கரி செலவானது. 1830-ல் அது 5 டன் அளவுக்கு இறங்கியது. 1833-ல் காற்றை இன்னும் சூடாக்கி, கரியைக் கோக்காக மாற்றாமலே போட்டபோது இரண்டேகால் டன் போதுமானது. டன்னுக்கு ஒரு ஷில்லிங் உரிமைத்தொகை கேட்டார் நீல்சன். அதையும் கொடுக்க மனமில்லாமல் சிலர் வழக்காடி, 1843-ல் தோற்றார்கள்.

ஆனால் நீல்சன் காற்றைக் காய்ச்சியது தனியாகக் கரி எரித்து. உலை உச்சியிலோ எரியும் வாயு வீணாக வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. 1830-களில் ஜெர்மனியின் வாசரால்ஃபிங்கனில் ஃபாபர் டு ஃபௌர் அந்த வாயுவைப் பிடித்துக் காற்றைச் சூடாக்கினார். 1857-ல் எட்வர்டு கௌப்பர் செங்கல் அடுக்கிய ஸ்டவ்வுக்குக் காப்புரிமை பெற்றார். உலை வாயுவை எரித்து ஒன்றின் செங்கல்லைக் காய்ச்சும்போது, ஏற்கெனவே காய்ந்த மற்றொன்றின் வழியாகக் காற்று போகும். பிறகு மாற்றிக்கொள்வார்கள். இரும்புக் குழாய் தாங்காத சூட்டைச் செங்கல் தாங்கியது. நம் ஊர் உருளைகள் அந்த வம்சம்தான்.

எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது என்று மார்தட்ட இதை எழுதவில்லை. மிச்ச அனலின் அருமை நம் தாய்மாருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் எத்தனை கட்டை மிச்சமானது என்று நாம் எழுதி வைக்கவில்லை. கிளைடில் எழுதி வைத்தார்கள். அந்தக் கணக்குதான் பழைய நம்பிக்கையைத் தோற்கடித்தது. வியாபாரியான எனக்கு அது நன்றாகவே புரிகிறது. நம் நாட்டிலும் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001-ல் வந்தது. பெரிய ஆலைகள் அதன்படி எரிசக்திக் கணக்குக் காட்டியாக வேண்டும்.

நம் பிள்ளைகள் பலர் ஆலைகளில் பொறியாளர்களாக இருக்கிறார்கள். பாட்டியின் கொடியடுப்பையும் கிளைடின் கணக்கேட்டையும் அவர்கள் சேர்த்து நினைவில் வைக்கட்டும்.