ஐந்து கஜத்துக்கு அப்பால்

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குகளான டாம் பிராடி, பெய்ட்டன் மேனிங் என்று பேச்செடுத்தாலே பலரும் 2007 ஜனவரிக்குப் போய்விடுவார்கள். 21-3 என்று பின்தங்கிக் கிடந்த மேனிங்கின் கோல்ட்ஸ் அணி 38-34 என்று ஜெயித்த ஆட்டம் அது. நான் 2004 ஜனவரியைச் சொல்வேன்.

அணிகள் புதிய வீரர்களை எடுக்கும் 1998 தேர்வில் மேனிங் முதல் ஆள். பிராடி 2000-இல் 199-ஆவது ஆள்; அணியின் முதன்மை குவார்ட்டர்பேக் காயப்பட்டதால் மறு ஆண்டு களத்துக்கு வந்தவர். அந்த 2004 ஆட்டத்தில் பிராடியின் பேட்ரியட்ஸ் அணித் தடுப்பாளர்கள், பந்தைப் பிடிக்க ஓடியவர்களை இடித்து, உரசி, நகரவே விடவில்லை. மேனிங் எறிந்த நான்கு பந்துகள் எதிராளி கைக்குப் போயின. மூன்றைப் பிடித்தவர் பேட்ரியட்ஸ் தடுப்பாளர் டை லா. பேட்ரியட்ஸுக்கு 24-14 வெற்றி.

தோற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. கோல்ட்ஸ் தலைவர் பில் போலியன் விதிகளைப் பரிசீலிக்கும் குழுவிலும் இருந்தார். ஆட்டம் தொடங்கும் கோட்டிலிருந்து ஐந்து கஜத்துக்கு அப்பால், பந்தைப் பிடிக்க ஓடுபவரை இடித்துத் தடுக்கக் கூடாது என்ற பழைய விதியை அடுத்த பருவத்தில் நடுவர்கள் கறாராக அமல்படுத்தினார்கள். அந்தப் பருவத்தில் மேனிங் 49 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் சென்று சேரும் பந்து) எறிந்து சாதனை படைத்தார். வேடிக்கை என்னவென்றால், 2007-இல் 50 எறிந்து அதை முறியடித்தவர் பிராடி! விதி யாருக்கும் சொந்தமில்லையே.

மோதிய 17 முறையில் பிராடிக்கு 11 வெற்றி. நாக்-அவுட்டில் மட்டும் மேனிங் 3-2 என முந்தினார். கடைசி மோதல் 2016 ஜனவரியில், டென்வரில். மேனிங் அப்போது பிராங்கோஸ் அணியில். 20-18 என்று வென்று, இறுதிப் போட்டியான சூப்பர் பவுலையும் வென்று, ஓய்வை அறிவித்தார்.