தண்டு வலித்த மாணாக்கர்

இலண்டன் நகரின் மேற்குப் புறத்தே, தேம்ஸ் நதியிலே, பற்னியிலிருந்து மோட்லேக் வரை நாலே கால் மைல் தூரம். எட்டுப் பேர் தண்டு வலிக்க, ஒருவர் சுக்கான் பிடிக்க, ஏறத்தாழ இருபது நிமிடத்தில் அத்தூரத்தைக் கடந்துவிடுவர். ஒக்ஸ்போட், கேம்பிறிட்ஜ் என்னும் இரு சர்வகலாசாலைகளுக்கிடையே 1829இல் ஹென்லியில் ஆரம்பித்த இவ்வோடப் போட்டி, 1845இல் இவ்விடத்துக்கு மாறியது. 1856 முதல் ஆண்டுதோறும் நடக்கலாயிற்று.

யார் வென்றார், யார் தோற்றார் என்பதைப் பலரும் எழுதிவிட்டனர். நாம் இங்கு கேட்க விரும்புவது வேறொன்று. இப்போட்டிக்கென இளைஞர் மேற்கொண்ட பயிற்சி அவர்தம் தேகத்தை வளர்த்ததா, கெடுத்ததா?

ஐயம் எழுந்ததற்குக் காரணம் உண்டு. அக்காலத்து ஒக்ஸ்போட் ஓடக்காரரின் உணவைப் பாருங்கள். காலையில் அரைவேக்காட்டு மாட்டிறைச்சி அல்லது ஆட்டிறைச்சி, காய்ந்த பாண், இயன்றவரை குறைந்த தேநீர். பிற்பகல் இரண்டு மணிக்கு மீண்டும் இறைச்சியும் பாணும். மரக்கறி பெரும்பாலும் விலக்கு. இவற்றோடு அளவாகப் பியர். தாகமெடுத்தாலும் அதற்கு மேல் நீர் அருந்தலாகாது! வியர்வை சொட்ட உழைப்பவனுக்குத் தண்ணீரை மறுப்பது நமக்கு விந்தையாய்த் தோன்றலாம். ஆனால் மூத்தவர் சொன்னார், இளையவர் கேட்டார். ஏன் என்று வினவியவர் சிலரே.

அச்சிலருள் ஒருவர் ஆச்சிபால்ட் மக்லாறன். ஒக்ஸ்போட்டில் 1858இல் தேகாப்பியாசசாலை நிறுவியவர். பயிற்சி பற்றி 1866இல் அவர் வெளியிட்ட நூலில், உடல் இழந்த நீரை உடலுக்குத் திருப்பிக் கொடுக்கவே வேண்டும் என வாதித்தார். தண்டு வலித்தல் மட்டும் முழுமையான தேகப்பயிற்சியாகாது என்பதும் அவர் கருத்து.

அடுத்த ஆண்டு, 1867இல், பிறெடறிக் ஸ்கே என்னும் புகழ்பெற்ற சத்திரவைத்தியர், இப்போட்டி இளைஞரின் உடல்நலத்தைக் கெடுக்கின்றதென 'ரைம்ஸ்' பத்திரிகைக்கு எழுதினார். சொன்னவர் சாமானியரல்லர், பெற்றோர் கலங்கினர். மறுத்தெழுதியோரும் பலர். எனினும் இரு திறத்தாரிடமும் கணக்கு இல்லை.

கணக்கெடுக்க முன்வந்தவர் மன்செஸ்ரர் நகர வைத்தியர் ஜோன் எட்வேட் மோர்கன். தாமும் ஒக்ஸ்போட்டில் தண்டு வலித்தவர். 1829 முதல் 1869 வரை இப்போட்டியில் ஓடிய 294 பேரையும் ஒவ்வொருவராகத் தேடினார். உயிரோடிருந்தவருக்குக் கடிதம் எழுதினார். இறந்தவரைப் பற்றி உற்றாரிடமும் நண்பரிடமும் விசாரித்தார். தபாலும் பொறுமையுமே அவருடைய கருவிகள். 115 பேர் நன்மை பெற்றனர். 162 பேருக்குத் தீங்கில்லை. 17 பேருக்குக் கேடு விளைந்தது. இம்முடிவை 1873இல் நூலாக வெளியிட்டார். பொதுமக்களின் ஆயுட்கணக்கோடு ஒப்பிட, ஓடக்காரர் சற்றுக் கூடுதலாகவே வாழ்ந்தனர் என்றும் காட்டினார்.

அப்பதினேழு பேரை அவர் மறைக்கவில்லை என்பதை நாம் மதிக்கின்றோம். ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. ஓடத்துக்குத் தெரிவாகியோர் தொடக்கத்திலேயே திடகாத்திரர், வசதியான குடும்பத்தவர். சுரங்கத்திலும் ஆலையிலும் உழன்றோரையும் உள்ளடக்கிய பொதுமக்களோடு அவரை ஒப்பிட்டால் தராசு ஒருபுறம் சாயாதிருக்குமா?

அந்நூல் வந்த அதே 1873இல் தொழிலும் மாறியது. நிலையான பலகையில் இருந்து முதுகால் இழுத்த காலம் போய், முன்னும் பின்னும் வழுக்கி ஓடும் ஆசனத்தை இரு ஓடத்தாரும் போட்டியில் முதன்முறை பயன்படுத்தினர். கால்களின் பலம் முழுவதும் தண்டுக்கு வந்தது. கேம்பிறிட்ஜ் 19 நிமிடம் 35 செக்கனில் வென்றது. மோர்கன் கணக்கிட்டவரோ அனைவரும் பழைய பலகைக்காரர்!

உணவைப் பற்றிய கணக்கு அமெரிக்காவிலிருந்து வந்தது. 1898இல் ஹாவட், யேல் ஓடக்காரர் உண்டதை அற்வாற்றர், பிறயன்ற் என்னும் ஆராய்ச்சியாளர் அளந்தனர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 4,000 கலோரி. அங்கும் இறைச்சிக்கே முதலிடம்.

மோர்கனின் தராசை நேராக்கும் முயற்சி 1939இல் நடந்தது. 1829 முதல் 1928 வரை ஓடியோரை, இம்முறை பொதுமக்களோடன்றி, வைத்தியப் பரிசோதனையில் தேறி ஆயுட்காப்புறுதி பெற்றவரோடு ஹாட்லி, லெவலின் என்னும் இருவர் ஒப்பிட்டனர். அவ்வாறு ஒப்பிட்டும் ஓடக்காரர் ஆயுளில் பின்தங்கவில்லை.