டி.என்.ஏ நகலெடுப்பின் தொடக்க இடங்கள்

செல் இரண்டாகப் பிரியும் முன் தன் டி.என்.ஏ முழுவதையும் நகலெடுத்தாக வேண்டும். எந்தப் பகுதியும் விட்டுப்போகக் கூடாது, இரண்டு முறை நகலாகவும் கூடாது. அந்த வேலை எங்கே தொடங்குகிறது? 1963-இல் ஃபிரான்சுவா ஜாக்கோப், சிட்னி பிரென்னர், ஃபிரான்சுவா குசன் மூவரும் ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள். டி.என்.ஏ-வில் அதற்கென ஓர் இடம் உண்டு. அந்த இடத்தை இனங்கண்டு வேலையைத் தொடங்கிவைக்கும் பொருளும் செல்லில் உண்டு.

இ.கோலை பாக்டீரியாவில் இது அப்படியே பலித்தது. 46 லட்சம் கார (எழுத்து) இணைகள் கொண்ட அதன் வட்ட டி.என்.ஏ-வில் தொடக்க இடம் ஒன்றே ஒன்றுதான்; நீளம் சுமார் 245 இணைகள். அங்கே ஒரு புரதம் திரளாக வந்து ஒட்டுகிறது. பிணைப்பு தளர்வாக உள்ள பக்கத்துப் பகுதி பிரிந்து திறக்கிறது. நகலெடுப்பு இரு திசைகளிலும் ஓடி, சுமார் 40 நிமிடத்தில் முடிகிறது.

மனிதனின் முதல் குரோமோசோம் மட்டுமே சுமார் 25 கோடி இணைகள். ஒரே இடத்தில் தொடங்கினால் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். செல்லுக்குக் கிடைப்பதோ சில மணி நேரம். ஆகவே தொடக்கங்கள் ஆயிரக்கணக்கில் தேவை. பாலூட்டி செல்களின் டி.என்.ஏ இழையில் இப்படிப் பல தொடக்கங்கள் இருப்பதை 1968-இல் ஹூபர்மனும் ரிக்ஸும் சீன வெள்ளெலிச் செல்களில் காட்டினார்கள்.

இத்தனை இடங்களையும் செல் எப்படி இனங்காண்கிறது? ஈஸ்டில் தொடக்க இடத்துக்கு நிலையான எழுத்து வரிசை உண்டு. அதைப் பற்றிக்கொள்ளும் ஆறு புரதங்களின் கூட்டத்தை (ஓ.ஆர்.சி) 1992-இல் ஸ்டீபன் பெல், புரூஸ் ஸ்டில்மன் இருவரும் கண்டெடுத்தார்கள். தவளை முட்டை தந்த விடைதான் வியப்பானது. எந்த டி.என்.ஏ-வைச் செலுத்தினாலும் அது நகலெடுத்துவிடுகிறது என்று 1980-இல் ஹார்லண்டும் லாஸ்கியும் கண்டார்கள். மனித செல்லிலும் பொதுவான எழுத்து வரிசை கிடைக்கவில்லை. டி.என்.ஏ இறுகச் சுருளாமல் திறந்து கிடக்கும் இடங்களையே ஓ.ஆர்.சி பெரும்பாலும் நாடுகிறது.

தொடக்க இடங்களின் தேர்வு இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில், நகலெடுப்புக்கு முன்பே, ஓ.ஆர்.சி வேறு இரு புரதங்களின் துணையோடு எம்.சி.எம் என்னும் புரத வளையங்களைப் பல இடங்களில் மாட்டிவைக்கிறது. பிறகு அவற்றில் ஒரு பகுதி மட்டுமே இயங்கத் தொடங்கும், மற்றவை உறங்கும். அருகில் நகலெடுப்பு தடைபட்டால் உறங்கியவை விழித்து இடைவெளியை நிரப்பும். வேலை தொடங்கியபின் புதிய வளையம் மாட்ட அனுமதியில்லை. இரட்டை நகல் தவிர்க்கப்படுவது இதனால்தான்.

இந்த ஏற்பாட்டின் மரபணுக்கள் பழுதுபட்டால் மெய்யர்-கோர்லின் நோய் வருவதாக 2011-இல் தெரியவந்தது. அந்தக் குழந்தைகள் குட்டையாக வளர்கிறார்கள். காதுகள் சிறுத்திருக்கும், பலருக்கு முழங்கால் சில்லு இருப்பதில்லை.